ஆற்றங்கரையில் ஒரு பூகோள வகுப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் பூகோள டீச்சராக இருந்தேன். பள்ளித் தாளாளருக்கு நொய்யல் கரையில் பனியன் துணி வெளுக்கும் பட்டறை இருந்தது. என் கணவர் அங்கே மேஸ்திரி. நாங்கள் குடியிருந்த வீடும் தாளாளருடையதுதான். அதையெல்லாம் அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தோம்.

ஏழாம் வகுப்புக்கு ஆறுகளைப் பற்றிய பாடம். ஆறு எங்கே கரையை அரிக்கும், எங்கே மணலைச் சேர்க்கும் என்று பலகையில் எத்தனை வளைவு போட்டாலும் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. ஒரு காலையில் எல்லோரையும் ஆற்றுக்கே கூட்டிப் போனேன். வளைவின் வெளிப்பக்கம் கரை செங்குத்தாக அறுந்திருந்தது. உள்பக்கம் மணல் திட்டு. பார்த்ததுமே புரிந்துகொண்டார்கள். சற்றுத் தள்ளி மணல், சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கை எரித்தது.

"டீச்சர், இதுவும் ஆறு கொண்டாந்து போட்டதுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்ல கண்ணு, இது பட்டறைத் தண்ணி" என்றேன்.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். காபி வரவழைத்துக் கொடுத்தார். "பாடமெல்லாம் ரூமுக்குள்ளயே நடக்கட்டுங்க டீச்சர். வெயில்ல பிள்ளைங்க வாடிப் போயிருதுங்க." பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுந்ததும், "ஊட்டுக்காரர் சௌக்கியமுங்களா?" என்றார். தினமும் பட்டறையில் அவரைப் பார்க்கிற மனுஷன்.

வீட்டில் சொன்னேன். கணவர் சோற்றில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார். "உனக்கு வேற பாடமே கெடைக்கலியா?"

"நான் பொய் சொல்லலீங்களே."

"நெசந்தான். அதைச் சொல்லிட்டு எந்த ஊட்டுல போய்க் குடியிருக்கிறது?"

ரூமுக்குள்ளேயே என்றாரே, அப்படியே செய்தேன். அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, தட்டுகளில் ஊற்றி ஜன்னலோரம் காயவைத்தோம். தண்ணீர் வற்றியதும் சில தட்டுகளில் வெள்ளையாக உப்பு ஒட்டியிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளே பலகையில் ஆற்றை வரைந்து, அந்தத் தட்டுகளுக்குரிய தெருக்களைக் குறித்தார்கள். எல்லாம் கரையோரத் தெருக்கள்.

அடுத்த வாரம் பூகோளம் வேறொருவருக்குப் போனது. எனக்குத் தையல் வகுப்பு. ராஜினாமா செய்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். கணவர் எழுந்து வெளியே போனார். நானும் ராஜினாமா செய்யவில்லை. பக்கத்து அறையில் ஆறுகளின் பெயர்களைப் பிள்ளைகள் கூட்டமாக ஒப்பிக்கும் சத்தம் கேட்கும். நான் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தாளாளர் அந்தப் பக்கம் வந்தால் எழுந்து வணக்கமும் சொல்வேன்.

கணவருக்குத் தாராபுரத்தில் வேலை கிடைத்து நாங்கள் கிளம்புவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. அங்கே புதுப் பள்ளியில், "என்ன பாடம் எடுப்பீங்க?" என்று கேட்டார்கள். தையல் என்றுதான் வாயில் வந்தது. பிறகுதான் பூகோளம் என்று திருத்திச் சொன்னேன்.