குறட்டை நிற்கக் கூடாது என்று வேண்டினேன்

சகோதர சகோதரிகளே, என் மாமனாரை அன்று உயிரோடு வில்லியனூர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவோமா என்றே எனக்குத் தெரியவில்லை. ஏரிக்கரையில் நின்று தவித்தேன். அங்கே ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டத்தனம்.

என் பெயர் ஸ்டெல்லா. மாமியார் இறந்தபின் மாமா எங்களோடுதான் இருக்கிறார். தங்கமான மனிதர். ஆனால் அவர் விடுவது சாதாரணக் குறட்டை இல்லை. பக்கத்து வீட்டு நாய் எழுந்து பதிலுக்குக் குரைக்கும். அது நிற்க வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்து வந்தேன். ஆண்டவர் கேட்கவே இல்லை.

போன பொங்கல் விடுமுறைக்குச் சோரியாங்குப்பத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். கரும்புத் தோட்டம், ஆற்றங்கரை என்று பகலெல்லாம் சந்தோஷம். ராத்திரி மாமா ஹாலில் படுத்தார். மற்றவர்கள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்ப் படுத்தோம். கிளம்பின அன்று காலையில்கூட, "ஆண்டவரே, இந்தக் கொறட்டைய இன்னிக்காவது நிறுத்தும்" என்று கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

வழியில் பாகூர் ஏரி நிரம்பிக் கிடந்தது. பறவை பார்க்க வேண்டும் என்றாள் மகள் ஜெனி. என் கணவர் செல்வம் கரையோரம் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினார். முன்சீட்டில் இருந்த மாமா, "நீங்க பாத்துட்டு வாங்க. நா செத்த கண்ண மூடுறேன்" என்றார். காற்றுக்காகப் பின்கண்ணாடியை நான்கு விரல் அளவு இறக்கிவிட்டு நடந்தோம்.

திரும்பி வந்தபோது மாமா பக்கத்துக் கதவு கறுப்பாக இருந்தது. யாரோ தார் பூசிவிட்டார்கள் என்று நினைத்தேன். கிட்டே போனால் தார் அசைந்தது. தேனீ. கைப்பிடியே தெரியாத அளவுக்கு அப்பிக் கிடந்தது. இன்னொரு கூட்டம் காரைச் சுற்றிப் பறந்தது. இறக்கிவிட்ட கண்ணாடி வழியாக இன்னும் ஒன்றும் உள்ளே போகவில்லை.

முன்பு ஒருமுறை ஒரே ஒரு தேனீ கொட்டி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர் மாமா. தூங்கி எழுந்தால் கண்ணைத் திறக்குமுன் கதவைத் திறக்கிறவர் வேறு.

செல்வம் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு டிரைவர் பக்கம் போனார். போன வேகத்தில் ஓடிவந்தார். உதட்டில் கொட்டிவிட்டது.

"தாத்தாவுக்கு ஃபோன் பண்ணி சொல்லலாமாம்மா?" என்றாள் ஜெனி.

"எழுப்பிடாதடி. எழுந்தா கதவத் தொறந்துடுவாரு."

செல்வம் தீயணைப்பு நிலையத்துக்கு ஃபோன் போட்டார். வீங்கின உதட்டோடு அவர் 'தேனீ' என்றது அந்தப் பக்கத்தில் 'டீ' என்று கேட்டது. நான் ஃபோனை வாங்கிப் பேசினேன். வருகிறோம், நேரமாகும் என்றார்கள்.

காருக்குள்ளிருந்து குறட்டை மட்டும் வந்துகொண்டிருந்தது. அது கேட்கிறவரைக்கும் அவர் தூங்குகிறார். தூங்குகிறவரைக்கும் பிழைத்திருப்பார். அங்கேயே மண்ணில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, காலையில கேட்டத தயவு செஞ்சு மறந்துடும். கொறட்ட நிக்கக் கூடாது. இன்னும் சத்தமா வரட்டும்."

சொல்லி முடிக்கவில்லை, மாமாவின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. நாத்தனார்தான், வீடு போய்ச் சேர்ந்தோமா என்று கேட்க. குறட்டை நின்றது.

"ம்மா, நின்னுடுச்சு" என்று ஜெனி அழ ஆரம்பித்தாள்.

கண்ணாடி வழியே மாமாவின் கை எழுவது தெரிந்தது. கதவுப் பக்கம் போனது. எனக்கு ஜெபம் வரவில்லை. "மாமா, மாமா" என்று மட்டும் வாய்க்குள் சொன்னேன். ஆண்டவர் அதையே ஜெபமாக எடுத்துக்கொண்டார் என்று நம்புகிறேன். கை வயிற்றைச் சொறிந்துவிட்டு மடியில் விழுந்தது. ஃபோன் ஓய்ந்தது. பிறகு வந்தது பாருங்கள் ஒரு குறட்டை, கரையில் நின்ற நாரைகள் எழுந்து பறந்தன. நான் விம்மி விம்மி அழுதேன்.

கொஞ்ச நேரத்தில், தீயணைப்பு வண்டி வருமுன்பே, யாரும் எதுவும் செய்யாமலே, தேனீக்கள் மொத்தமாக எழும்பின. போர்வையை உதறினதுபோல விரிந்து, ஏரிமேல் போய் மறைந்தன.

செல்வம் கதவைத் திறந்ததும் மாமா விழித்தார்.

"இன்னாடா, ஒதடு இப்டி வீங்கிக் கெடக்குது?"

"ஒண்ணுமில்ல நைனா. வூட்டுக்குப் போலாம்."

"நீங்க எல்லாரும் ஏரியப் பாத்துட்டீங்க. நா பாக்க வேணாமா?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினோம். நின்று நிதானமாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, "எல்லாம் சரிம்மா. நா எப்ப கொறட்ட வுட்டேன்?" என்றார்.

அன்று முதல் இது வேண்டும், அது வேண்டாம் என்று ஆண்டவருக்கு நான் உத்தரவு போடுவதில்லை. இத்தனை வருடம் என் ஜெபத்தை அவர் கேளாமல் விட்டதற்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன். அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காரியம் ஒன்று இருக்கும். அதை அவர் கையில் விட்டுவிடுங்கள். நான் விட்டுவிட்டேன். காதில் பஞ்சு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.