ஆடுகள் தின்ற சுழற்காற்று

ஆடு தின்று மிச்சம் வைத்த வாழை மரங்களைத் திசைமானி வைத்து அளந்து, "இங்கே சுழற்காற்று வந்திருக்கிறது" என்று அறிவித்த ஒரே ஆள் இந்தப் பேராக் மாநிலத்தில் நானாகத்தான் இருப்பேன். முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு தலைநிமிர்ந்து பேசலாம் பாருங்கள்.

ஈப்போவில் புயல்மழையை ஆராயும் சின்னக் குழு ஒன்றில் எனக்குக் களப்பணி. எங்காவது இடியோடு பெருங்காற்று அடித்தால், மறுநாள் நான் போய் விழுந்த மரம், பறந்த தகரம் எல்லாவற்றையும் அளப்பேன். எது எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்தால், வந்தது எப்படிப்பட்ட காற்று, எவ்வளவு வேகம் என்று சொல்லிவிடலாம். காற்று வருவதற்கு முன்னால் சொல்கிறவர்கள் வேறு ஆட்கள். நான், அது வந்துவிட்டுப் போன பிறகு சொல்கிறவன். அதனால் என் கணிப்பு அநேகமாகத் தவறாது.

அந்த முறை பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது சுற்றிலும் செம்பனை. லயத்து வீடுகள் ஏழெட்டுதான் மிச்சம். கடைசி வீட்டு அக்காவின் கூரை முந்தின நாள் சாயங்காலம் மொத்தமாகப் போய்விட்டது. காலையில் சேதம் பார்க்க வந்த அதிகாரி ஒருவர், "தகரம் துருப்பிடிச்சுப் போச்சு, அதான் விழுந்துருச்சு. காத்து மேல பழி போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காற்றுதான் காரணம் என்று எங்கள் அறிக்கை சொன்னால் அரசாங்க உதவியில் புதுத் தகரம் கிடைக்கும். இல்லாவிட்டால் அடுத்த மழை நேரே சோற்றுப் பானைக்குள். பருவம் மாறும் மாதம் வேறு. தினமும் நாலு மணிக்கு இடி.

"கவலப்படாதீங்கக்கா, நான் வந்துட்டேன்ல."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏணி கொண்டாந்தியா தம்பி?"

வீட்டுக்குப் பின்னால் போனால், எட்டு வாழை மரங்கள் வண்டிச் சக்கரம் போல வட்டமாகக் கிடக்கின்றன. ஒன்றில்கூட இலை இல்லை. 'காற்றின் வேகம்' என்று குறித்துக்கொண்டேன். பக்கத்தில் ஆடுகள் என்னையே பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. எட்டையும் அளந்து, படம் எடுத்து, எங்கள் குழுத் தலைவிக்குப் போன் போட்டேன். என்னைவிட இருபது வயது சின்னவர். நான் டாக்டர் என்பேன், அவர் அண்ணே என்பார்.

"டாக்டர், சுழற்காற்று! நடுப்புள்ளியே கெடச்சிருச்சு. அந்த எடத்துல ஒரு கட்டகூட நட்டிருக்கு!"

அவர் வந்தார். குனிந்து ஒரு மரத்தின் அடியைத் தடவிப் பார்த்தார்.

"காத்து கையில பாராங் கத்தி வெச்சிருந்துச்சாண்ணே?"

எட்டிலும் கத்தி வெட்டு. அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார்: "விழுந்த வாழைய நாந்தான் வெட்டிப் போட்டேன். எட்டு ஆடு, ஒரே கட்டையில கட்டியிருந்துச்சு. ஆளுக்கு ஒன்னு போடலைன்னா முட்டிக்கும் லா. இதையா ஒரு மணி நேரமா அளந்த?"

"ஒன்றரை மணி நேரம்" என்று திருத்தினேன். தகவல் சரியாக இருக்க வேண்டும் அல்லவா.

அக்கா சிரிக்கவில்லை. "அப்ப காத்தே வரலைன்னு எழுதிருவீங்களா?"

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது: யார் கையும் படாத எதையாவது பார்க்க வேண்டும். கால்வாய் ஓரம் யாரும் வெட்டாமல் விட்ட கித்தா மரங்கள் ஒரு வரிசை. என் அப்பா அம்மா இரண்டு பேரும் பால் வெட்டியவர்கள். ரப்பர் மரத்தைப் பற்றி எனக்கு ஒரு டாக்டரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு மரங்கள் நெஞ்சு உயரத்தில் முறிந்து, எல்லாமே கிழக்கே தலை வைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் என் இடுப்புப் பருமன். இப்போதைய இடுப்பைச் சொல்கிறேன்.

"முறிவுல வழிஞ்ச பாலப் பாருங்க டாக்டர். ஒறஞ்சிருக்கு, ஆனா இன்னும் வெள்ளையா இருக்கு. பழைய முறிவா இருந்தா கறுத்திருக்கும். இது நேத்து ஒடிஞ்சது. உள்ள பொந்தும் இல்ல, நோயும் இல்ல."

அக்கா வீட்டுத் தகரமும் அதே கிழக்கில்தான், ஒரு செம்பனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது. ஆக, சுழற்காற்று இல்லை. மேகம் குளிர்ந்த காற்றை வாளியோடு கவிழ்க்க, அது தரையில் மோதி நேர்கோட்டில் ஓடியிருக்கிறது. டாக்டர் என் திசைமானியை நம்பாமல் தன்னுடையதை எடுத்து மறுபடியும் அளந்தார்.

"தகரம் துருப்பிடிச்சிருக்கலாம். ஏழு மரமும் சேர்ந்தா துருப்பிடிச்சிருக்கும்?" என்றவர், மழைக்கு முன்பே காருக்குள் உட்கார்ந்து அறிக்கையை எழுதி அனுப்பினார். அதில் ஆடுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பெருந்தன்மையானவர்.

புதுத் தகரம் ஏறியது. போன மாதம் அந்தப் பக்கம் பலத்த காற்று வரலாம் என்று வானிலைக் கணிப்பு சொன்னது. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நாளைக்குச் சாயங்காலம் காத்து பலமா அடிக்கும் போலிருக்கு. ஆட்டையெல்லாம் உள்ள கட்டிருங்க. மறுநாள் காலையில நானே வந்து பாக்குறேன்."

"காத்து வரட்டும், நீ வராத."