டேவிட் சாமிக்கு ஒரு லீக்ஸ்

இங்கிலாந்துக்கு ரோஜா, ஸ்கொட்லாந்துக்கு முள்ளுப்பூ, வேல்ஸுக்கு டெஃபடில், வட அயர்லாந்துக்கு மூன்று இலைப் பூண்டு. இன்றைக்கும் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டால் மடமடவென்று ஒப்பிப்பேன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்திருக்க வேண்டிய வயதில், நான் உருப்போட்டது இதைத்தான். எனக்காக அல்ல, அம்மாவுக்காக.

அம்மா அப்போது லண்டனில் இருந்தாள். அதாவது, லண்டன் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கடல் தாண்டிய வெள்ளைக்காரர் ஊர் எல்லாமே லண்டன்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்த்தவள், பதுளைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, யார் யார் காலையோ பிடித்து, வயோதிபர் இல்லமொன்றில் வேலை கிடைத்துப் போனாள். நான் அப்போது நர்சரிப் பிள்ளை. இடையில் ஒரு தடவை வந்து, எனக்குப் பொருந்தாத ஒரு சோடிச் சப்பாத்தும் பை நிறைய சொக்லேட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். இப்போது அவளுக்கு ஒரு பரீட்சையாம். அந்த நாட்டின் சரித்திரம், கொடி, பூ, சாமி எல்லாவற்றிலும் கேள்வி வருமாம். பாஸானால் குடியுரிமைக்கு எழுதிப் போடலாமாம்.

இதில் எனக்கு விளங்கியது பரீட்சை என்ற சொல் மட்டுந்தான். பரீட்சை முடிந்தால் பள்ளிக்கூடம் விடும், பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி வருவார்கள். நான் கண்ட பரீட்சைகளெல்லாம் அப்படித்தான் முடிந்தன. ஆகவே அம்மா பாஸாக வேண்டும் என்று எனக்கிருந்த அவசரம் அம்மாவுக்கே இருந்திருக்காது.

சும்மாவே நான் காலில் சக்கரம் கட்டிய பிள்ளை. சோற்றுக் கோப்பையோடு லயத்தைச் சுற்றி வருவேன். அந்த மாதங்களில் அது இன்னும் முற்றிவிட்டது. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பகலெல்லாம் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து எனக்குத் தலை வாரிவிட உட்காருவாள். பின்னல் பாதியில் இருக்கும்போதே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். "இவளுக்கு உள்ளுக்குள்ள என்னமோ கொதிக்குது தம்பி," என்று அப்பாவிடம் சொல்வாள். அப்பா பெக்டரியில் வேலை செய்தார். தேயிலைத் தூசி மீசையிலிருந்து போகாத மனிதர். அவர் அதிகம் பேசமாட்டார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் பிளேன்டீயைக் குடிப்பார்.

அம்மா புறப்பட்ட நாள் எனக்கு லேசாக நினைவிருக்கிறது. லுணுகலையிலிருந்து வரும் பாதை தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில், வாகை மரத்தடியில் எல்லை முனியின் கல் இருக்கிறது. தூரம் போகிறவர்கள் அங்கே நின்று உத்தரவு கேட்காமல் போகமாட்டார்கள். அம்மா ஒரு மஞ்சள் துணியில் காசை முடிந்து, ஒரேயடியாகத் திரும்பி வந்து தன் கையாலேயே அவிழ்ப்பதாக வேண்டி, மரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டினாள். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் நான் அந்த முடிச்சைப் பார்ப்பேன். இடையில் லீவில் வந்தபோது அம்மா அதைத் தொடவில்லை. வெயிலும் மழையும் பட்டு மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது. துணி அவிழ்ந்தால் அம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஊகித்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அம்மா கூப்பிடுவாள். லயத்துக்குள் கவரேஜ் இல்லை. மேட்டில் தண்ணீர்த் தாங்கி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அப்பா, அத்தை, நான் மூவரும் கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி முகம் கழுவிக்கொண்டு ஏறுவோம். அம்மா கேள்விகளைப் போட்டோ பிடித்து முன்னமே அனுப்பியிருப்பாள். எழுத்துக்கூட்டி நான் கேட்பேன், அங்கிருந்து அவள் பதில் சொல்வாள்.

ராசா ராணிமாரையெல்லாம் அம்மா எப்படியோ பிடித்துக்கொண்டாள். அவளைப் பாடாய்ப் படுத்தியது அந்த நான்கு புனிதர்கள்தான். ஜோர்ஜ், டேவிட், பேட்ரிக், அன்ட்ரூ. நான்கு பேரையும் நாலு திசைக்கும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஸ்கொட்லாந்தின் புனிதர் யாரென்றால் பேட்ரிக் என்பாள், பிறகு டேவிட் என்பாள், பிறகு மறுபடி பேட்ரிக் என்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒரு ஞாயிறு, போனைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி அவளை நான் வாத்தியார் மாதிரியே திட்டினேன்.

"இதுக என்னா சாமி, இந்தப் பாடு படுத்துது?" என்று அத்தை இடையில் கேட்டாள்.

"ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு காவல் சாமி அண்ணி," என்றாள் அம்மா. "அததுக்கு ஒரு நாளு, அததுக்கு ஒரு பூவு."

அத்தைக்கு உடனே விளங்கிவிட்டது. எங்களுக்கும்தான் தேயிலைச் செடியை மட்டம் வெட்டுகிற கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச்சாமி இருக்கிறார், பெக்டரிச் சக்கரத்துக்கு ரோதைமுனி இருக்கிறார், லயத்துக்கு மாரியம்மன், எல்லைக்கு எல்லை முனி. யாரும் இவர்களை மாற்றிச் சொன்னதில்லை. "நம்ம சாமிகளோட சேத்து வச்சுக்க," என்று அத்தை யோசனை சொன்னாள். ஸ்கொட்லாந்து மலைநாடு, முள்ளுச்செடிக்காரர், ஆகவே அன்ட்ரூ கவ்வாத்துச்சாமி. பாம்பையெல்லாம் விரட்டிய பேட்ரிக் எங்கள் எல்லை முனிதான், வேறு யாராக இருக்க முடியும். அவருடைய மூன்று இலைப் பூண்டின் படத்தைப் பார்த்தால், தேயிலைக்கு அடியில் முளைக்கிற, நாங்கள் பறித்து மெல்லுகிற அதே புளியாரை. குதிரையில் ஏறி ஈட்டியால் குத்துகிற ஜோர்ஜை எங்கள் கோயில் சுவரிலிருக்கும் மதுரைவீரனுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். டேவிட்டுக்குத்தான் சோடி கிடைக்கவில்லை. அவருடைய திருநாளில் சனங்கள் சட்டையில், வெங்காயத்தாள் மாதிரி நீண்ட லீக்ஸைக் குத்திக்கொள்வார்கள் என்று அம்மா சொன்னபோது, அத்தை நம்பவேயில்லை.

"கறிக்குப் போடுறதையா?" என்றாள்.

மூன்று மூலைக்கு மூன்று சாமியை நட்டு, மிஞ்சிய மூலையை லீக்ஸ்காரருக்கு விட்ட பிறகு அம்மா தடுமாறவில்லை. சந்தோசத்தில் எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. கேள்வியெல்லாம் தீர்ந்துபோக, அப்பாவையும் விடாமல், உங்களுக்கும் இப்படிப் பரீட்சை வைத்துத்தான் குடியுரிமை கொடுத்தார்களா என்று கேட்டேன். அவர் தாங்கியின் சுவரில் சாய்ந்து கீழே லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்ககிட்ட பூவு, சாமியெல்லாம் கேக்கல. ஒங்கப்பன் எங்க பொறந்தான், அவங்கப்பன் எங்க பொறந்தான்னு கேட்டாங்க. அதுக்குப் பதிவுத் துண்டு காட்டச் சொன்னாங்க. தேயிலைக்குள்ள பொதச்ச ஆளுககிட்ட எங்க போயித் துண்டு வாங்குறது?"

முன்னோர் கடல் தாண்டித் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்பதால், அந்த மண்ணிலேயே பிறந்த அவருக்கு, இந்த நாட்டு ஆள்தான் என்று எழுதித் தருவதற்குள் மீசை முளைத்துவிட்டதாம். அப்புறம் போனைப் பார்த்துச் சொன்னார். "இது படிச்சாப் பாஸாகுற பரீட்சை. நல்லதுதானே."

கவரேஜ் போய்விட்டது என்று நினைத்து நான் போனை உதறினேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு செவ்வரத்தம்பூவைப் பறித்துப்போய் மதுரைவீரன் படத்தடியில் வைத்தேன். மதுரைவீரனுக்கு அல்ல, அவர் மூலமாக ஜோர்ஜுக்கு. லண்டன் அவருடைய எல்லை. அம்மாவை அனுப்பித் தர வேண்டியவரும் அவர்தான். பாஸ் பண்ணிவிடு, அனுப்பிவிடு, இதுதான் என் வேண்டுதல்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு இடி விழுந்தது. பரீட்சைக்குக் கார்டிஃபுக்குப் போக வேண்டும் என்றாள் அம்மா. அது எங்கே என்று கேட்டேன்.

"நா இருக்குறது வேல்ஸ்லதான புள்ள. இது தெரியாமயா இத்தன நாளாக் கேள்வி கேட்ட?"

வேல்ஸ். டேவிட்டின் எல்லை. நான் மாதக்கணக்காக அடுத்த எல்லைச் சாமிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். இது சின்ன விஷயமில்லை. நிற்கிற எல்லையின் சாமியை விட்டுவிட்டு வேறொருவரைக் கேட்டால் இரண்டு பேருக்கும் மனக்குறை. பெக்டரியில் புது மெசின் வந்தபோது ரோதைமுனியை மறந்து மாரியம்மனுக்கு மட்டும் தேங்காய் உடைத்து, அன்றைக்கே பெல்ட் அறுந்துபோனதை அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மேட்டிலிருந்து இறங்கும்போதே அத்தையிடம் சொன்னேன். அவளும் முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"அந்தச் சாமிக்கு இங்க படமும் இல்ல, கல்லும் இல்லயே," என்றாள்.

பரீட்சை நாளன்று பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தேன் என்று பெயர். பேனையைக் கீழே போட்டேன், எடுத்தேன், தண்ணீர் குடிக்கப் போனேன், மறுபடி போனேன். டீச்சர் என்னைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார், எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று. மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினேன். அம்மா இந்நேரம் பரீட்சை மண்டபத்துக்குள் போயிருப்பாள். அடுப்படிக் கூடையில், ஞாயிற்றுக்கிழமை லுணுகலையில் வாங்கிய மரக்கறியில், ஒரே ஒரு லீக்ஸ் மிஞ்சியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாகை மரத்துக்குப் பறந்தேன்.

எல்லை முனிக்குச் சேவலும் சுருட்டும்தான் பழக்கம். லீக்ஸைக் கண்டு அவர் கோபித்துக்கொள்ளக்கூடாதே என்று முதலில் அவருக்கு விளக்கம் சொன்னேன். இது உங்களுக்கு இல்லை, வேல்ஸில் டேவிட் என்று ஒருவர் இருக்கிறார், உங்களைப்போல எல்லை காக்கிறவர், அவரிடம் சேர்த்துவிடுங்கள். பிறகு டேவிட்டிடம், தெரியாமல் ஜோர்ஜைக் கேட்டுவிட்டேன், மனதில் வைக்காதீர்கள், எங்கள் அம்மாவை விட்டுவிடுங்கள் என்றேன். கண்ணைத் திறந்தால் பின்னால் அப்பா நிற்கிறார். அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறார் போல. கல்லுக்கு முன்னால் பச்சையும் வெள்ளையுமாகக் கிடந்த லீக்ஸைப் பார்த்தார். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். இருவரும் தாங்கி மேட்டுக்கு ஏறினோம்.

போன் அடிக்கும்வரை நான் தாங்கியைச் சுற்றி ஓடிக்கொண்டேயிருந்தேன். அப்பா தடுக்கவில்லை. அடித்ததும் நான்தான் பறித்தேன். அம்மா அழுதாள், சிரித்தாள், கடைசியில், "பாஸ் புள்ள, கேள்வியில அன்ட்ரூதான் வந்தாரு, கவ்வாத்துச்சாமி," என்றாள்.

"எப்ப வர்ற?" என்று கேட்டேன்.

"வருவேன் புள்ள. லீவு கெடச்சதும் வருவேன்."

வருவேன் என்பது மட்டுமே என் காதில் விழுந்தது. அப்பா போனை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். சந்தோசம் என்றார். அப்புறம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ ஒன்னும் மனசக் கொழப்பிக்காத. புள்ளய நா பாத்துக்குறேன்," என்று முடித்தார்.

திரும்பும்போது அவர் லயத்துக்கு இறங்கவில்லை. நேராக வாகை மரத்துக்குப் போனார். சட்டையின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு முனியைக் கும்பிட்டார். பிறகு கிளையை வளைத்து அந்த மஞ்சள் துணியை அவிழ்க்கத் தொடங்கினார். மழையில் இறுகிப்போன முடிச்சு, நகத்தால் வெகுநேரம் கிண்ட வேண்டியிருந்தது. காசைக் கல்லின் மேல் வைத்தார். துணியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. துணி அவிழ்ந்துவிட்டது. அம்மா வந்து அவிழ்க்கும்வரை பொறுக்காமல் அப்பாவே முந்திக்கொண்டார், அவ்வளவு நிச்சயம். நான் லயத்துக்கு ஓடி, முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பராவரை கதவு கதவாகத் தட்டினேன். அம்மா பாஸ், அம்மா வரப்போகுது, அப்பா துணிய அவுத்துட்டாரு. ஒருவர் என் கன்னத்தைத் தொட்டார். ஒருவர் அடுப்பில் இருந்த ரொட்டியை எடுத்துக் கையில் வைத்தார். அத்தை என்னை இழுத்து உட்காரவைத்துத் தலை வாரினாள், அன்று முதல் தடவையாகப் பின்னல் முடியும்வரை நான் அசையாமல் இருந்தேன்.

அம்மா வந்தாள். அடுத்த வருடம், விருந்தாளி மாதிரி, திரும்பிப் போகும் டிக்கெட்டோடு. பிறகு என்னைக் கூப்பிட்டாள், அப்பாவும் போ என்றுதான் சொன்னார். நான் போகவில்லை, அது வேறு கதை.

பக்கத்துக் காம்பரா பெரியம்மாவின் மகன் இத்தாலிக்குப் போய் அங்கேயே கல்யாணம் முடித்துக்கொண்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. அந்தப் பெரியம்மா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வாகை மரத்துக்கு வந்தார். மகன் கட்டிய துணியை அவரே அவிழ்த்தார். கட்டியவர்கள்தானே அவிழ்க்க வேண்டும் என்று கேட்டேன்.

"வந்தா அவுங்க அவுப்பாங்க. வரலன்னு தெரிஞ்சா வீட்டு ஆளு அவுத்துரணும். சாமிய சும்மா காக்க வைக்கக் கூடாதுல்ல," என்றார்.

காலங்காலமாக எங்கள் தோட்டத்தில் இதுதான் வழக்கமாம். அன்று நான் கதவு கதவாகத் தட்டிச் சொன்னபோது, கதவைத் திறந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது.