அடுத்தவர் தூணில் சாய்ந்த பிரதமர்

லோபாத்தி பிரதமரானபோது எங்கள் நாட்டிலேயே அதிகம் ஆச்சரியப்பட்டவர் லோபாத்திதான். அடுத்த ஆச்சரியம் அவர் மனைவி சூலியாவுக்கு. அந்த நேரம் அவள் எங்கள் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து என்னோடு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வானொலியில் பெயரைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைக்காமலே, "யாரை? எங்க வீட்டு ஆளையா?" என்றாள். மிச்ச மீனையும் செதில் எடுத்து முடித்த பிறகுதான் எழுந்து போனாள்.

ஃபெனுலோவாவில் கட்சி என்று ஒன்று கிடையாது. ஏழெட்டுத் தீவுகள், பதினைந்து உறுப்பினர்கள், அவ்வளவுதான் நாடாளுமன்றம். அதில் எட்டுப் பேரைத் தன் பக்கம் உட்கார வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் பிரதமர். எட்டாவது ஆள் எழுந்து எதிர்ப்பக்கம் போய்விட்டால், அவரோடு நாற்காலியும் போய்விடும்.

லோபாத்தி அதற்கு முன் துறைமுக ஐஸ் கிடங்கில் வேலை பார்த்தவர். அவர் போட்ட ஐஸில் மீனை வைக்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. தேர்தலில் இரண்டு தடவை நின்று தோற்றார். முதல் தடவை சொந்த அத்தையே அவருக்கு ஓட்டுப் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அத்தை, "நீ ஜெயிச்சுப் போயிட்டா எனக்கு யாருடா ஐஸ் குடுப்பா?" என்றாளாம். மூன்றாவது தடவை நின்றபோது ஐஸ் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. ஜெயித்துவிட்டார்.

பிரதமர் பதவி வந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். பெரிய தலைகள் இருவர் அந்த நாற்காலிக்காக மாதக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் எழுந்து வெளியே போவார். கடைசியில் களைத்துப்போய், யாருக்கும் பிடிக்காதவர் என்று சொல்ல முடியாத ஓர் ஆளைத் தேடினார்கள். லோபாத்தி அப்போது சபைக்கு வெளியே, உறுப்பினர்களுக்குச் சோடா வைக்கும் குளிர்ப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

பிரதமராகவும் அவர் மோசமில்லை. பேச்சு கொஞ்சம் நீளம். வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போனால் கடல் மட்டம் உயர்வது பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு, வரும்போது எங்கள் தெருவுக்கெல்லாம் ஹோட்டல் சோப்புக்கட்டி கொண்டுவந்து கொடுப்பார். கொடி வைத்த கார் வந்த முதல் வாரம் மட்டும், நூறு அடி தள்ளியிருந்த தேவாலயத்துக்கும் காரிலேயே போனார். சூலியா நடந்தே போய் அவருக்கு முன்னால் சேர்ந்து, வாசலில் நின்று, "வாங்க ஐயா, பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்ட பிறகு அதை நிறுத்திக்கொண்டார்.

அவருடைய எட்டாவது ஆள் அபினேலு. இருவரும் வைதாலா தீவுக்காரர்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு; இப்போது இருவர் வீடும் நாடாளுமன்றம் இருக்கும் எங்கள் தீவில். அபினேலு சூலியாவுக்கு அண்ணன் முறை. எங்கள் பக்கம் அண்ணன் தங்கை முறையில் உள்ளவர்கள் வயதுக்கு வந்தபின் ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்து பேசமாட்டார்கள், கேலி பேசமாட்டார்கள், எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்கிப் போவார்கள். அதனால் அபினேலு லோபாத்தியின் வீட்டுப் படி ஏறியதே இல்லை. வெளியில் நின்று, "மச்சான்!" என்று ஒரு குரல் கொடுப்பார். இவர் இறங்கிப் போவார்.

வினை வைதாலாவில்தான் ஆரம்பித்தது. தேவாலயத்துக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள், அதற்கு விருந்து. ராத்திரி முழுக்கக் கப்பல் ஆடிய ஆட்டத்தில் வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் பிரதமர் கரை இறங்கினார். ஊர்மன்றத்தில் உட்கார வைத்தார்கள். பன்றிக்கறி, தேங்காய்ப்பாலில் வெந்த சதுப்புக் கிழங்கு, அதற்குமேல் இனிப்புக் கள். பிறகு போதகர் பேச எழுந்தார்.

எங்கள் ஊர்மன்றங்களில் சுவர் கிடையாது, சுற்றிலும் தூண்கள்தான். ஒவ்வொரு தூணும் ஒரு குடும்பத்துக்கு உரியது. அந்தக் குடும்பத்தின் தலைவர் மட்டுமே அதில் முதுகு சாய்க்கலாம். மற்ற எல்லாரும், பிரதமராகவே இருந்தாலும், தூண்களுக்கு நடுவில் நிமிர்ந்துதான் உட்கார வேண்டும். அடுத்தவர் தூணில் சாய்ந்தால், 'இந்த வீட்டுக்கு இனி நான்தான் தலைவன்' என்று வாய்விட்டுச் சொன்னதுபோல.

போதகர் நோவாவின் பேழைக்கு வந்தபோது லோபாத்தியின் தலை தொங்கியது. மழை ஆரம்பித்தபோது உடம்பு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. புறா பறந்து போனபோது அவர் ஒரு தூணில் முழு முதுகையும் கொடுத்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அது அபினேலுவின் தூண். அந்தத் தூணுக்காக அபினேலு சித்தப்பா மகனோடு வருஷக்கணக்கில் வழக்காடி, அந்த வருஷம்தான் ஊர் முன்னிலையில் அதில் சாய்ந்திருந்தார். அன்றைக்கு அவர் பெண்டாட்டியிடம் ஏதோ சொல்ல வெளியே போயிருந்த சமயம் இது நடந்தது. திரும்பி வந்தார், பார்த்தார். போய் வெளியே மணலில் உட்கார்ந்துகொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சூலியா இருமினாள், தட்டைத் தட்டினாள், விசிறியைக்கூட வீசிப் பார்த்தாள். பிரதமர் ஆமென் சொல்லும் நேரத்துக்குத்தான் விழித்தார்.

"அண்ணன்கிட்டப் போய்ப் பேசு," என்றாள் கப்பலில்.

"மச்சானுக்குத் தெரியும், எனக்கு வாந்தின்னு. அவன் அப்படியெல்லாம் நெனைக்கற ஆளா?"

அப்படியே நினைக்கிற ஆள்தான் என்பது ஊருக்கே தெரியும்.

அடுத்த வாரமே எதிர்ப்பக்கம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஓட்டெடுப்பு. தீர்மானம் வந்துவிட்டால் எங்கள் நாட்டில் ஒரு பழக்கம் உண்டு: பிரதமர் தன் ஆட்களையெல்லாம் ஒரே வீட்டில் கூட்டி வைத்துக்கொள்வார், எதிர்ப்பக்கத்தார் வந்து ஆளைத் தூக்கிவிடக் கூடாதே என்று. அந்த வீடு சூலியாவின் வீடாயிற்று. அரசாங்கம் மொத்தமும் அவள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தது. நிதி மந்திரிக்குக் காலையில் கஞ்சிதான் ஒத்துக்கொள்ளும். சுகாதார மந்திரி எசேலா குளியலறைக்குள் போனால் தொட்டித் தண்ணீரைக் காலி செய்துவிட்டுத்தான் வருவார். நான் ரெண்டு குண்டான் சோறு வடித்துக் கொடுத்தேன்.

"நாட்டை எப்படி ஆளறாங்கன்னு தெரியல," என்றாள் சூலியா. "ஒருத்தனுக்கும் தன் தட்டைக் கழுவத் தெரியல."

அபினேலு வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கை முறைக்காரி இருக்கும் வீட்டில் அவர் எப்படி வந்து படுப்பார்? சனிக்கிழமை காலையில்தான், மீன் வாங்கப் போன இடத்தில் அபினேலுவின் மனைவி மகேலிதா என்னைக் கண்டும் காணாததுபோலத் திரும்பிக்கொண்டாள். வந்து சூலியாவிடம் சொன்னேன். சூலியா நேரே கூடத்துக்குப் போனாள்.

"அண்ணன் எதிர்ல ஓட்டுப் போடப்போறாரு. தூண் விஷயம்."

கூடமே எழுந்து உட்கார்ந்தது. ஏழுக்கு எட்டு. போச்சு.

"தாழம்பாயைத் தலைமேல போட்டுக்கிட்டு அவர் வாசல்ல போய் உக்காரு," என்றாள் சூலியா. "இன்னிக்கே போ."

குற்றம் செய்தவன் அப்படி உட்காருவதுதான் எங்கள் முறை. வீட்டுக்காரர் மன்னித்து, வந்து பாயை எடுக்கும்வரை அவன் எழுந்திருக்கக் கூடாது. வாசலில் பாய் உட்கார்ந்திருக்கும்வரை வீட்டுக்காரரும் அதைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

"நானா? நாட்டோட பிரதமர், வாசல்ல, பாயைப் போத்திக்கிட்டா?" லோபாத்தி சிரிக்கப் பார்த்தார். "அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்."

மீன்வளத் துறையைத் தருவதாகச் சொல்லி, கொடி வைத்த காரை அபினேலு வீட்டுக்கு அனுப்பினார். கார் ஒரு பதிலோடு திரும்பி வந்தது. டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "'என் தூணுக்கு விலை பேச வந்துட்டானா'ன்னு கேக்கச் சொன்னாருங்க. அப்புறம் இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னாரு. அது வேண்டாங்க."

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் மீன்கூடப் பிடிக்கமாட்டார்கள், பாய் தூக்குவது எங்கே? லோபாத்தி தேவாலயத்தில் மூன்று ஆராதனைக்கும் இருந்தார். மூன்றிலும் அபினேலு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை விடியும்போது சூலியாவின் கல்யாணப் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லோபாத்தி கிளம்பினார். பத்து மணிக்குள் மச்சான் மனம் இரங்கினால் இருவரும் சேர்ந்தே சபைக்குப் போய்விடலாம் என்பது கணக்கு. போய் அபினேலு வாசல் சரளைக்கல்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, பாயைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தெருவே எதிர்ப்புறம் நின்றது. நானும்தான்.

உள்ளே பேச்சுக் கேட்டது. சுவர் என்று பெரிதாக எதுவும் இல்லாத வீடு.

"வெயில் ஏறுதுங்க," என்றாள் மகேலிதா.

"ஏறட்டும். மணி அடிச்சதும் எழுந்து ஓடறானா இல்லியா பாரு. நாற்காலிக்காக வந்தவன் நாற்காலிக்காக ஓடுவான்."

ஒன்பதரை ஆயிற்று. பாய்க்கு அடியிலிருந்து வியர்வை சொட்டிக் கல்லில் கோடு போட்டது. எசேலா மோட்டார் பைக்கில் வந்து இறங்கி, பாயின் ஓரத்தைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார். குசுகுசுவென்று பேசுவதாக அவருக்கு நினைப்பு. தெரு முழுக்கக் கேட்டது.

"அண்ணே, உங்க மூளையே மூளை! ஆளை வீட்டுக்குள்ளயே பூட்டிட்டீங்க. அவர் இன்னும் குளிக்கக்கூட இல்ல. இப்ப நீங்க என் பின்னால ஏறுங்க. ஏழுக்கு ஏழு. தீர்மானம் தோத்துடும்!"

பாய் அசையவில்லை.

"அண்ணே, நீங்களும் இங்கயே உக்காந்திருந்தா நாம ஆறுதான். அவங்க ஏழு. எழுந்திருங்கண்ணே! பாய்க்குள்ள ரெண்டு தேங்காயை அடுக்கி வச்சுட்டுப் போயிடலாம்!"

"நீ போ, எசேலா," என்றது பாய்.

"பதவி போயிடும்!"

"போன்னு சொன்னேன்ல."

எசேலா போனார். உள்ளே பேச்சு நின்றுபோயிற்று. பத்து மணிக்கு நாடாளுமன்ற மணி அடித்தது. சபையை வானொலியில் நேரடியாகப் போடுவார்கள்; தெருவில் எல்லா வீட்டிலும், அபினேலு வீட்டிலும், அதுதான் பாடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தார் பேசினார்கள். பிரதமருக்கு நிர்வாகம் தெரியாது, பயணம் அதிகம், தூக்கம் அதிலும் அதிகம் என்றார்கள். பாய்க்கு அடியில் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"கௌரவ லோபாத்தி."

வானொலியில் மௌனம். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கௌரவ லோபாத்தி, இல்லை," என்றார் எழுத்தர்.

அபினேலு இடுப்புத் துணியோடு ஓடிவந்து பாயைப் பிடுங்கி எறிந்தார். "டேய் மச்சான்! எழுந்திருடா முட்டாள்! ஏன்டா போகல?"

லோபாத்தி வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினார். முகம் சுட்ட நண்டு மாதிரி இருந்தது. "கால் மரத்துப்போச்சுடா. எழுந்திருக்க முடியல."

உண்மையில் கால்தான் மரத்ததா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நான் பார்த்தது, அபினேலு அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, தன் பைக்கின் பின்னால் மூட்டை மாதிரி ஏற்றியதைத்தான். விமான ஓடுபாதையின் நடுவாகவே பறந்தார்கள். நாய்கள் துரத்தின. மிச்சத்தை நாடே வானொலியில் கேட்டது: கதவு படீரென்று திறக்கிறது, "நான் வந்துட்டேன்! எதிர்த்து! தீர்மானத்தை எதிர்த்து!" என்று அபினேலு கத்துகிறார், சபாநாயகர், "உக்காருங்க, முடிஞ்சாச்சு. முதல்ல ஒரு சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க" என்கிறார்.

ஏழுக்கு ஆறு.

நாடாளுமன்றப் படியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

"சனிக்கிழமை காரை அனுப்பினதுக்குப் பதிலா பாயைத் தூக்கிக்கிட்டு வந்திருந்தா, இந்நேரம் நீ உள்ள உக்காந்திருப்ப," என்றாராம் அபினேலு.

"சனிக்கிழமை நான் பிரதமரா இருந்தேன்டா, மச்சான்."

சாயங்காலம் சூலியாவின் கூடத்திலிருந்து அரசாங்கம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. புதுப் பிரதமரைத் தேர்ந்தெடுக்க மறுவாரம் சபை கூடியது. அபினேலு எழுந்து, சட்டையும் கோட்டுமாக, லோபாத்தியின் பெயரை முன்மொழிந்தார். எட்டுப் பேரும் சேர்ந்தாயிற்று, நாற்காலி திரும்பி வந்துவிடும் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. சூலியா மட்டும் தேங்காய் துருவிக்கொண்டே வானொலியைக் கேட்டாள். லோபாத்திக்கு ஏழு விழுந்தது. எதிராளிக்கு எட்டு.

மத்தியானம் லோபாத்தி நடந்தே வீட்டுக்கு வந்தார்.

"யாரு?" என்றாள் சூலியா.

"எசேலா. சுகாதாரத் துறை அவன்கிட்டயே இருக்குமாம்."

"அந்தத் தண்ணிப் பேயா? என் தொட்டியையே காலி பண்ணினானே!" துருவியதைப் பிழிந்துகொண்டே கேட்டாள், "அண்ணன்?"

"நமக்குத்தான் போட்டான்," என்றார் லோபாத்தி. "சூலியா, மச்சான் நமக்குத்தான் போட்டான்."

அன்று துக்கம் விசாரிக்க வந்த எல்லாரிடமும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ ஜெயித்துவிட்டு வந்தவர் போல.