சிவப்பு டார்ச்சும் என் மருதாணியும்

இந்தத் தீபாவளிக்கு அரக்கு நிறம்தான் ஃபேஷன் என்றார் கண்ணமங்கலம் ஜவுளிக்கடைக்காரர். அதிலேயே ஒரு புடவை வாங்கிவிட்டேன். புடவைக்குப் பொருத்தமாக நேற்று மதியமெல்லாம் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

இருட்டியதும் கையைக் கழுவும்போது கரண்ட் போனது. காவலூர் தொலைநோக்கிக் கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பிய வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இன்னாடி, செவக்கவே இல்லியே!"

புருஷனுக்குப் பாசமிருந்தால்தான் சிவக்குமாம். கோபத்தில் ஃப்ளாஸ்க்கில் காபி ஊற்றித் தரவில்லை.

இன்று காலை வந்தவர் என் கையைப் பார்த்து, "அடேயப்பா, எம்மாம் செவப்பு!" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. இருட்டுக்குப் பழகிய கண் கெடாமலிருக்க வேலைக்குக் கொண்டுபோகும் டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருப்பார். சிவப்பு வெளிச்சத்தில் கையெல்லாம் ஒரே நிறமாகிவிடும், மருதாணிச் சிவப்பு எங்கே தெரியும்?

பாவம், ராத்திரி முழுக்கக் காபியில்லாமல் நட்சத்திரம் பார்த்திருக்கிறார்.

தோழிகளே, பரிகாரமாக மத்தியானம் என்ன சமைக்கலாம்?