ஐந்தாம் சுவட்டில் குனியும் தலைகள்

பம்பாயில் குர்லா ஸ்டேஷனில் செம்பூர் வண்டிக்காக நிற்கும்போதுதான் அது முதலில் உறைத்தது. கைப்பேசியில் ஒரு வீடியோ. ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன ஊர், மூன்று ஆள் உயரத்துக்குக் கூரை போட்ட ஒரு கூடம், அதில் பதினான்கு வெள்ளைக்காரர்கள் சிலம்பம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது காலடியில், ஐந்தாம் சுவடு என்போமே அதில், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பும் இடத்தில், பதினான்கு பேரும் ஒன்றுபோலத் தலையை இடது தோள்பக்கம் சாய்த்துக் குனிந்து நிமிர்ந்தார்கள்.

அது என் அண்ணனின் குனிவு. அண்ணன் இறந்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது.

வண்டி வந்தது, ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

கீழை நாட்டுச் சண்டைக்கலைகள் மேற்கே போன கதை எனக்குப் பெரும் பைத்தியம். கராத்தேயும் ஜூடோவும் எந்த ஊருக்கு யாரோடு போயின, அங்கே எத்தனை வண்ண பெல்ட்டுகளைக் கட்டிக்கொண்டன என்று வேலைக்கு நடுவில்கூடத் தேடிப் படிப்பேன். கலை கடல் தாண்டினால் அதன் விதிகள் போகும், பெயர்கள் போகும். செத்துப்போன ஒருவனின் கழுத்தும் போகும் என்று நான் எங்கும் படித்ததில்லை.

அந்தக் கூடத்தை நடத்துபவள் அண்ணனிடம் கற்றவள். அங்கிருந்து வந்து செம்பூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். ஞாயிறுதோறும் மாட்டுங்காவில் ஒரு பள்ளி மைதானத்தில் அண்ணன் நடத்திய வகுப்பில் நானும் அவளும் அடுத்தடுத்து நின்று கம்பு சுற்றியிருக்கிறோம். நானும் அங்கே குனிந்துதான் திரும்புவேன். கலையே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் தாராவியில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவையில் சிரித்துவிட்டாள்.

"ஏட்டி, அவன் வயருக்குல்லா குனிஞ்சான்."

"எந்த வயரு?"

"நம்ம கோலி வீட்டு வாசல்ல முன்ன கேபிள் வயரு கொத்தா தொங்குமே. நீ அப்ப சின்னப்பிள்ள. கம்ப பாதியா வெட்டி வெச்சிக்கிட்டு அந்தச் சந்துலதான சுத்துவான். நெட்டையன், தலையில இடிக்கும். பொறவு வயர எடுத்துட்டானுவ. அவன் கழுத்துக்கு அது தெரியல."

மறுநாள் அந்தக் கூடம் நடத்துபவளே போனில் அழைத்தாள். பம்பாய் ஹிந்தியும் வகுப்பில் பொறுக்கிய தமிழுமாகப் பேசினாள்.

"சிஸ்டர், அஞ்சாவதுல அண்ணா தலை கீழே போடும்ல. நாங்க அதுக்கு வணக்கம்னு பேர் வெச்சோம். பெரியவங்களுக்கு வணக்கம். சஹி ஹை நா, சரிதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"போன வாரம் ஒருத்தருக்கு அடி பட்டுச்சு. அறுபது வயசு. வணக்கம் போட்டாரு, கண்ணு கீழே, எதிர்க் கம்பு வந்துச்சு. நெத்தியில ஏழு தையல். அண்ணா சொல்லிக் குடுத்தா காரணம் இருக்கும்னு நான் சொன்னேன். இருக்கா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். விசாரிக்க ஒன்றும் பாக்கியில்லை.

"சொல்லாதட்டி," என்றாள் அம்மா. "என் புள்ள பதினாலு பேரு ஒடம்புல இருக்கான். நீ ஒரு வார்த்த சொன்னா எறங்கிப் போயிருவான்."

"அடி படுதும்மா."

"மெதுவா சுத்தச் சொல்லு."

நான்கு நாள் ஒன்றும் சொல்லாமல் திரிந்தேன். ரயில் வாசலில் உயரமான யாராவது குனிந்து ஏறினால் நின்று பார்த்தேன். டிராம்பே பஸ்ஸின் படியில் ஒருவர் தலையைச் சாய்த்தார். முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அண்ணன் எங்கும் போகவில்லை என்பதில் ஒரு சுகமும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் முகம் தெரியாத அந்தப் பெரியவரின் நெற்றியும் கூடவே வந்தது. அவரை அடித்தது எதிரே நின்றவரின் கம்பு மட்டும் இல்லை. எடுத்துப்போட்ட ஒரு வயர் அவ்வளவு தூரம் போய் அடித்திருக்கிறது. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு நான் சும்மா இருக்கிறேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஆபீஸ் படிக்கட்டில் நின்று அவளைப் போனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வயர், சந்து, பாதிக் கம்பு.

"அப்போ தலை நேரா வெச்சு எப்படி?" என்று கேட்டாள். "ஒரு வீடியோ அனுப்பு சிஸ்டர். நாங்க பாத்ததே இல்ல."

நானும் பார்த்ததில்லை.

அன்று வீட்டுக்குள்ளேயே துடைப்பக் கட்டையை வைத்துச் செய்து பார்த்தேன். ஐந்தாம் சுவடு வந்ததும் பிடரியில் யாரோ கை வைத்து அழுத்தியதுபோலத் தலை தானாக இறங்கியது. பதினோரு தடவை. பன்னிரண்டாவதில் கட்டையை வீசிவிட்டு உட்கார்ந்தேன். அம்மா அடுப்பை அணைத்தாள். நான் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கண்ணு தரையில இருந்தா தல அங்கதான போவும்," என்றாள். "ஞாயித்துக்கெழம மைதானத்துக்கு நானும் வாரேன். எதுத்தாப்புல நிக்கேன். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு சுத்து."

அண்ணன் போனதிலிருந்து அவள் மாட்டுங்கா பக்கமே வந்ததில்லை. காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் கிரிக்கெட் கூட்டம் இருக்காது. கைப்பேசியை மதில்மேல் சாய்த்து வைத்துவிட்டு, முழு நீளக் கம்போடு முதல் சுவட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்தாவதில் அம்மாவின் கண்ணை விடாமல் இருந்து பார்க்கப் போகிறேன்.