கொழுப்பு மாத்திரையும் வெள்ளைச் சட்டையில் ரத்தமும்

இதய வால்வு மாற்றிய என் கணவர், ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு கொழுப்பு அதிகமென்று ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அவர் தினமும் சாப்பிடும் அந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதுக்கென்னங்க, இதையும் சேத்துப் போடச் சொல்லுங்க" என்று கொழுப்பு மாத்திரை எழுதினார்.

சில வாரம் கழித்து சர்ச்சில் ஞாயிறு பூசையில் பாடிக்கொண்டிருந்தபோது, என் கணவரின் ஈறிலிருந்து ரத்தம் கசிந்து வெள்ளைச் சட்டையில் ஒழுகியது. கைக்குட்டை நனைந்தும் நிற்கவில்லை. "ஸ்டெல்லா, வாயெல்லாம் உப்புக் கரிக்குது" என்றார். ஆட்டோ பிடித்து அவருடைய இதய மருத்துவரிடம் ஓடினோம்.

ரத்தத்தைச் சோதித்த அவர், "புது மாத்திரை பழையதோட வேகத்தை ஏத்திப்போட்டுதுங்க. தலைக்குள்ள கசிஞ்சிருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டாருங்க" என்று ஊசி போட்டுக் காப்பாற்றினார்.

நியாயம் கேட்கக் கிளினிக்குக்குப் போனேன். "நீங்க சொல்லவே இல்லீங்களே" என்று கூசாமல் சொன்னார் டாக்டர். அவர் மேசையில் இருந்த பேனா ஸ்டாண்டில் அந்தக் கொழுப்பு மாத்திரையின் பெயர் பளபளத்தது. மருந்துக் கம்பெனி கொடுத்த பரிசு என்று புரிந்தது.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் முன்னால் பரப்பி, "இதோட சேருமுங்களா?" என்று கேட்கிறேன். புது மாத்திரை தொடங்கினால் உடனே ரத்தப் பரிசோதனைக்கு நாள் கேட்டு வாங்குகிறேன். அட்டைகளைப் படித்துப் பார்க்காத டாக்டரிடம் மருந்துச் சீட்டே வாங்காமல் எழுந்து வந்துவிடுகிறேன்.

– ஸ்டெல்லா, துடியலூர்